பெல்ட்டா பாக்கெட்டா: ஈயம் செய்யும் சேட்டைகளுக்கு அறிகுறி பார்த்து வைத்தியம்

ஸ்கூபா டைவ் அடிக்கப் போகும் படகு புதுச்சேரிக் கரையை விட்டு நகர்ந்து பத்து நிமிடம் ஆவதற்குள் யாராவது ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார்: "அண்ணே, வெயிட் பெல்ட்டே போதுமா, இல்ல பாக்கெட் வச்ச பிசிடியாப் பாத்து வாங்கிடட்டுமா?" (பிசிடி என்பது முதுகில் டேங்கைத் தாங்கும் ஜாக்கெட்; அதில் காற்றை ஏற்றியும் விட்டும் மிதப்பைச் சரிசெய்வோம்.) நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். "உங்களுக்கு எத்தனை கிலோ?" பெரும்பாலும் வரும் பதில்: "அங்க என்ன குடுப்பாங்களோ அதுதான்."

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. தண்ணீருக்குள் இறங்குவதற்காகக் கட்டும் எடைதான் ஈயம். அதைக் கூடுதலாகக் கட்டியவருக்குப் பெல்ட்டும் தொல்லை, பாக்கெட்டும் தொல்லை. அளவும் இடமும் சரியாக அமைந்தவருக்கு இரண்டுமே ஒத்துப்போகும். அதற்கு மேல் பார்க்க வேண்டியது, அவசரத்தில் எது கைக்கு வரும், முதுகு எதைத் தாங்கும், ஊர் மாறினால் எது உதவும் என்பதைத்தான். அதனால் கடைக்குப் போகும் முன் கடலில் உங்களுக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். கீழே உள்ள தலைப்புகளில் உங்கள் புலம்பல் எதுவோ அங்கே நேராகப் போகலாம். ஆனால் முதல் சோதனையை மட்டும் தாண்டாதீர்கள்.

பெல்ட் என்றால் சுமார் 5 செ.மீ. அகல நைலான் பட்டை, ஒரு பக்கிள், அதில் கோத்த ஈயக்கட்டிகள். பாக்கெட் என்றால் பிசிடியின் இருபுறமும் செருகி, கைப்பிடியை இழுத்தால் கையோடு வந்துவிடும் பைகள். டேங்கை ஒட்டி முதுகுப் பக்கம் சின்னதாக இருப்பவை டிரிம் பாக்கெட். அவற்றை அவசரத்துக்குக் கழற்ற முடியாது. இந்த வேறுபாடு பின்னால் தேவைப்படும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இது

டைவ் முடிந்து மேலே வந்ததும், டேங்கில் 50 பார் (காற்றழுத்த அளவு) அளவுக்குக் காற்று மிச்சம் இருக்கும்போது, ஏணியின் அருகே இதைச் செய்யுங்கள். டேங்க் காற்றைச் சுவாசிக்கத் தரும் ரெகுலேட்டர் வாயில் இருக்கட்டும். பிசிடியில் உள்ள காற்றை முழுவதும் விடுங்கள். சாதாரணமாக ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு, நிமிர்ந்து, அசையாமல் நில்லுங்கள். தண்ணீர் மட்டம் கண்ணுக்கு நேராக நின்றால் அளவு சரி. மூச்சை விட்டதும் தலை மெல்லத் தாழ வேண்டும். மூச்சை விட்ட பிறகும் நெற்றி வெளியே இருந்தால் ஒரு கிலோ சேருங்கள். மூச்சு உள்ளே இருக்கும்போதே மூழ்கினால் ஒரு கிலோ குறைத்து மறுபடி பாருங்கள்.

இதில் எல்லோரையும் ஏமாற்றுவது கால்தான். "நான் அசையவே இல்லண்ணே" என்பார்கள்; கீழே ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) இரண்டும் சைக்கிள் மிதித்துக்கொண்டிருக்கும். கணுக்காலை ஒன்றன்மேல் ஒன்று போட்டுப் பூட்டிக்கொண்டு செய்தால் உண்மை தெரிந்துவிடும்.

டைவுக்கு முன்பே, நிறைந்த டேங்கோடு இந்தச் சோதனையைச் செய்ய நேர்ந்தால், வரும் விடையோடு சுமார் 2 கிலோ கூட்டிக்கொள்ளுங்கள். காற்றுக்கும் எடை உண்டு. நம் பக்கத்துப் படகுகளில் இருக்கும் 11 லிட்டர் அலுமினிய டேங்கில் 200 பார் காற்று என்பது சுமார் 2.7 கிலோ. 50 பார் வரைக்கும் சுவாசித்து முடித்தால் அதில் 2 கிலோ போய்விடும். மேலே ஏறும்போது நீங்கள் இறங்கியபோது இருந்ததைவிட 2 கிலோ லேசான ஆள்.

சரி, கூடுதலாகவே கட்டிக்கொண்டால் என்ன, கீழே போனால் போதாதா? 3 கிலோ ஈயம் அதிகம் என்று வைத்துக்கொள்வோம். 10 மீட்டரில் அதைச் சமன்செய்யப் பிசிடியில் சுமார் 3 லிட்டர் காற்று கூடுதலாகப் போட வேண்டும். அங்கே அழுத்தம் 2 பார். 5 மீட்டருக்கு ஏறினால் அழுத்தம் 1.5 பார், அந்த 3 லிட்டர் 4 லிட்டராக வீங்கும். நீங்கள் எதுவும் செய்யாமலே ஒரு கிலோ மேல்நோக்கித் தள்ள ஆரம்பிக்கும். தள்ளத் தள்ள இன்னும் வீங்கும். 'என்னால் ஒரே மட்டத்தில் நிற்க முடியவில்லை' என்று புலம்புகிறவர்களில் பலருக்கு நோய் இதுதான்.

"கீழே இறங்கவே முடியவில்லை"

ஈயத்தை அள்ளிப் போடும் முன் நான்கு இடங்களைப் பாருங்கள்.

முதலில் உங்கள் நெஞ்சு. பதற்றத்தில் நெஞ்சு நிறைய மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தால் இரண்டு மூன்று லிட்டர் காற்று கூடுதலாக உள்ளே நிற்கும். அது இரண்டு மூன்று கிலோவை மேலே தூக்கும். முழுதாக, நிதானமாக மூச்சை வெளியே விட்டுவிட்டு ஒரு நொடி காத்திருங்கள். இறங்கிவிட்டால் ஈயத்தில் கோளாறு இல்லை.

இரண்டாவது பிசிடி. குழாயை மார்பருகே பிடித்துக்கொண்டு பொத்தானை அமுக்கினால் காற்று போகாது. கையை நேராக உயர்த்தி, இடது தோளைச் சற்று மேலே தூக்கி விடுங்கள். பின்பக்கம் சாய்ந்து கிடந்தால் காற்று ஏதாவது மடிப்பில் ஒளிந்துகொள்ளும்.

மூன்றாவது வெட்சூட், அதாவது உடம்போடு ஒட்டிய ரப்பர் உடை. புதியது, காய்ந்தது, அளவில் கொஞ்சம் பெரியது என்றால் முதல் டைவில் அடம்பிடிக்கும். உள்ளே தண்ணீர் விட்டுக் கழுத்தை இழுத்து, தேங்கிய காற்றை வெளியேற்றுங்கள்.

நான்காவது, நீங்கள் எங்கே பழகினீர்கள் என்பது. நீச்சல்குளத்தில் சரிபார்த்த எண்ணைக் கடலுக்குக் கொண்டுவந்தால் பற்றாது. கடல்நீர் சுமார் இரண்டரை சதவீதம் அடர்த்தி கூடியது. ஆளும் சாமான்களுமாக 100 கிலோ என்றால் 2.5 கிலோ கூடுதலாக வேண்டும்.

இந்த நான்கும் சரியாக இருந்தும் இறங்கவில்லை என்றால்தான் ஈயம். பஞ்சு மெத்தைபோல் தைத்த சில பாக்கெட் பிசிடிகள் தாமே மிதக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெல்ட்டிலிருந்து பாக்கெட்டுக்கு மாறியதும் "அதே 4 கிலோதான், ஆனா இறங்க மாட்டேங்குது" என்பவர்கள் அதைச் சந்தேகிக்கலாம்.

இறங்குவதற்கு மட்டும் எடை போதும் என்ற நிலையில் நம் ஆட்கள் வேறு வழி வைத்திருந்தார்கள். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் கயிற்றில் கட்டிய கல்லின்மேல் காலை வைத்து இறங்குவார்கள். அடிக்குப் போனதும் கல்லை விட்டுவிடுவார்கள். படகில் இருப்பவர் அதை மேலே இழுத்துக்கொள்வார். ஒரே மூச்சில் போய் வருபவருக்கு அடியில் எடை தேவையில்லை. நமக்கோ முக்கால் மணி நேரம் கீழே நிற்கவும் வேண்டும், கடைசியில் 5 மீட்டரில் அசையாமல் நிற்கவும் வேண்டும். அதனால் கல்லைச் சுமந்துகொண்டே சுற்றுகிறோம்.

"கடைசியில் 5 மீட்டரில் நிற்க முடியாமல் மேலே இழுக்கிறது"

டைவின் முதல் பாதி நன்றாகப் போய், மேலே வரும் முன் பாதுகாப்புக்காக 5 மீட்டரில் நிற்கும் கடைசி மூன்று நிமிட நிறுத்தத்தில் பலூன் மாதிரி ஆகிறீர்கள் என்றால் அது காலி டேங்க்கின் வேலை. அலுமினிய டேங்க் நிறைந்திருக்கும்போது கடலில் லேசாக மூழ்கும். காலியாகும்போது ஒன்றரை முதல் 2 கிலோ வரை மிதக்கும். டேங்கின் அடிப்பாகம் தூக்கிக்கொண்டு வருவதை முதுகில் உணரலாம். 50 பாரில் சோதித்திருந்தால் இது வராது.

வந்தபின் அங்கேயே செய்ய வேண்டியது: பிசிடியை முழுக்கக் காலி செய்யுங்கள், மூச்சை நெஞ்சின் கீழ்ப்பாதியில் வைத்துக்கொள்ளுங்கள், நங்கூரக் கயிறு இருந்தால் பிடித்துக்கொள்ளுங்கள். அடுத்த டைவில் ஒரு கிலோ சேர்த்து, முடிந்தால் டேங்க் பட்டையில் டிரிம் பாக்கெட்டாக மாட்டுங்கள். எங்கே மிதக்கிறதோ அங்கேயே எடை இருப்பது நல்லது. எஃகு டேங்குக்கு மாறினால் இந்தக் கிலோவைக் கழித்துவிடலாம். அது காலியானாலும் இப்படித் தூக்காது.

"12 மீட்டர் போனதும் பெல்ட் சுற்றுகிறது, நழுவுகிறது"

பெல்ட்டின் பரம்பரை வியாதி. படகில் இறுக்கமாகக் கட்டியது கீழே போனதும் தொளதொளவென்று ஆகும். வெட்சூட் ரப்பருக்குள் இருக்கும் காற்றுக்குமிழிகள் அழுத்தத்தில் சுருங்குவதால் இடுப்புச் சுற்றளவே குறைகிறது. 3 மி.மீ. சூட்டில் லேசாகத் தெரியும், 5 மி.மீ., 7 மி.மீ. என்றால் நன்றாகவே தெரியும். அப்புறம் ஒரு பக்கத்து ஈயம் கொஞ்சம் கனத்தாலும் பக்கிள் மெல்ல நகர்ந்து விலாவுக்கோ முதுகுக்கோ போய்விடும். அவசரத்தில் கை வயிற்றைத் தடவும், பக்கிள் முதுகில் இருக்கும். இதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கீழே சரிசெய்ய, முகம் கீழ்நோக்கிக் கிடைமட்டமாக வாருங்கள். பெல்ட்டின் கனம் முழுவதும் முதுகில் உட்காரும். வயிற்றுப் பக்கம் பட்டை தளர்ந்து நிற்கும். அந்த நிலையில் பக்கிளை ஒரு கையால் பிடித்துக்கொண்டே திறந்து, வாலை இழுத்து, மூடுங்கள். நின்றபடி செய்தால் பெல்ட் முழங்காலுக்குப் போய்விடும். அப்புறம் துரத்த வேண்டியதுதான். பவளத்தின்மேல் படுத்துக்கொண்டு செய்ய வேண்டாம்.

மேலேயே தடுக்கச் சில வழிகள் உண்டு. முதல் டைவில் 5 மீட்டர் போனதும் ஒருமுறை இறுக்குவதைப் பழக்கமாக்குங்கள். ஈயக்கட்டி பட்டையில் ஓடினால், பட்டையைக் கட்டியின் ஒரு துளைக்குள் நுழைத்து, அரைத் திருப்புத் திருப்பி, மறுதுளையில் எடுங்கள், அசையாது. பக்கிளுக்குப் பக்கத்தில் கைப்பிடி அகலம் வெற்றிடம் விட்டு, இருபுறமும் சம எடை கோக்க வேண்டும். வால் ஒரு சாணுக்கு மேல் தொங்கினால் வெட்டி, முனையைத் தீயில் காட்டி உருக்கிவிடுங்கள். மூச்சடக்கிக் குதிப்பவர்கள் கட்டும் ரப்பர் பெல்ட் இடுப்போடு சேர்ந்து சுருங்கி விரியும் என்பதால் சுற்றாது. இரண்டு டைவில் ஒருமுறையாவது இந்தத் தொல்லை படுபவர்கள் அதைப் பார்க்கலாம்.

இத்தனைக்குப் பிறகும் நழுவினால், உடம்பமைப்புதான் காரணம். இடுப்பெலும்பு பட்டையைத் தாங்கும் அளவுக்கு அகன்றில்லாதவர்கள், வயிறு முன்வந்தவர்கள் இருவருக்கும் பெல்ட் நிற்காது. அவர்களுக்குப் பாக்கெட்தான் வழி. இதில் பிடிவாதம் பிடித்துப் பயனில்லை.

"டைவ் முடிந்தால் இடுப்பு ஒடிகிறது"

தண்ணீருக்குள் வலிக்கிறதா, மேலே வலிக்கிறதா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். தண்ணீருக்குள் என்றால், முதுகு வளைந்து கிடக்கிறது என்று அர்த்தம். பிசிடி நெஞ்சுப் பக்கம் தூக்க, பெல்ட் இடுப்பைக் கீழே இழுக்க, நடுமுதுகு வில்லாக நிற்கும். 6, 7 கிலோ பெல்ட்டில் இதை நன்றாக உணரலாம். பாதியைப் பாக்கெட்டுக்கோ டிரிம்முக்கோ மாற்றினால் பெரும்பாலும் அன்றைக்கே தீரும்.

மேலே வலித்தால் கணக்கு தலைகீழ். நிறைந்த அலுமினிய டேங்க் மட்டுமே சுமார் 17 கிலோ. பிசிடி, ரெகுலேட்டர், அதில் 5 கிலோ ஈயமும் சேர்த்தால் ஆடுகிற படகில் பெஞ்சிலிருந்து ஒரே மூச்சில் எழுந்து நிற்க வேண்டியது 27 கிலோ. பாக்கெட் முதுகுக்கு நல்லது என்று விற்கிறவர்கள் இந்த எழுந்து நிற்கும் நொடியைச் சொல்வதில்லை. பழைய முதுகுவலிக்காரர்கள் தண்ணீரில் இறங்கிய பிறகு பாக்கெட்டைச் செருகிக்கொள்ளலாம். படகில் உள்ளவர் ஒவ்வொன்றாகக் கையில் தருவார். நீங்கள் பிசிடியை ஊதி மிதந்தபடி, கிளிக் சத்தம் வரும்வரை அழுத்தினால் போதும். பெல்ட்டையும் இப்படி வாங்கிக் கட்டலாம், ஆனால் அதற்குப் பழக்கம் வேண்டும்.

"கால் தாழ்கிறது, மணல் கிளம்புகிறது"

பின்னால் வருபவர் உங்களைத் திட்டிக்கொண்டு வருகிறார் என்று அர்த்தம். மிதக்கும் உறுப்பு நுரையீரலும் பிசிடியும், நெஞ்சருகே; ஈயம் இடுப்பில். இரண்டும் ஒரே நேர்க்கோட்டில் இல்லாததால் உடம்பு ஊஞ்சல் பலகைபோல் சாய்கிறது. ஈயத்தைத் தலைப்பக்கமாக ஒரு சாண் நகர்த்தினாலே போதும். பெல்ட் கட்டுபவர் 2 கிலோவை எடுத்து டேங்க்கின் மேல் பட்டையில் மாட்டிப் பாருங்கள். பாக்கெட் வைத்திருப்பவர் முன்பக்கத்தில் 2 கிலோ குறைத்து டிரிம் பாக்கெட்டில் போடுங்கள். டேங்கையே இரண்டு விரல்கடை மேலே ஏற்றிக் கட்டினாலும் மாறும். ஆனால் பின்னந்தலையில் வால்வு இடிக்கக் கூடாது.

தலை தாழ்ந்தால் இதையே எதிர்த்திசையில் செய்யுங்கள். மிதக்கும் வகை ஃபின் போட்டவர்களுக்கும், குண்டான வெட்சூட் கால் உள்ளவர்களுக்கும் இது வரும்.

சோதிக்க: 5 மீட்டரில் மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் நடுநிலைக்கு வந்து, கைகளை மார்பில் கட்டி, ஃபினை நிறுத்தி, பத்து வரை எண்ணுங்கள். எந்தப் பக்கம் சாய்கிறீர்களோ அந்தப் பக்கத்தில் எடை அதிகம்.

"ஒரு பக்கமாகவே உருளுகிறேன்"

இருபுறமும் சம ஈயமா என்று பாருங்கள். வாடகைப் பாக்கெட்டில் ஒரு பக்கம் 2 கிலோ, மறுபக்கம் 3 கிலோ என்று போட்டுத் தருவது சாதாரணம். ஒற்றைப்படை வந்தால் மிச்ச ஒரு கிலோவை முதுகு நடுவில் வையுங்கள். டேங்க் கோணலாக மாட்டியிருந்தாலும் இதே தொல்லைதான்.

"பாக்கெட் ஒன்று காணாமல் போனது"

இது பாக்கெட்டின் பரம்பரை வியாதி. எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். வாடகைக்கு எடுத்த பிசிடி. பாக்கெட்டுகள் வெல்க்ரோவில் நிற்கும் பழைய ரகம். படகில் தட்டிப் பார்த்தேன், நின்றது. சுமார் 14 மீட்டரில் ஒரு பாறையடியில் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது வலது இடுப்பு திடீரென்று லேசானது. திரும்பிப் பார்த்தால் பாக்கெட் மணலில் கிடக்கிறது. நான் அதிலிருந்து விலகி மேலே போய்க்கொண்டிருக்கிறேன். உப்பும் மணலும் ஏறிய வெல்க்ரோ, தலைகீழான நொடியில் கைவிட்டுவிட்டது.

போனது 2 கிலோ. அப்போது செய்த வேலைகளின் வரிசை இதுதான்: பிசிடியை முழுக்கக் காலி செய்தேன், மூச்சை விட்டுக்கொண்டே இருந்தேன், தலைகீழாகத் திரும்பிக் காலை உதைத்துப் பாறையின் விளிம்பைப் பிடித்தேன். கூட வந்தவர் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு வந்து செருகினார். பிடிக்க எதுவும் கிடைக்காத நீலத்தில் இது நடந்திருந்தால், கைகால்களைப் பரப்பி வேகத்தைக் குறைத்து, விடாமல் மூச்சை வெளியே விட்டபடி ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை. மூச்சை மட்டும் அடக்கவே கூடாது.

அதிலும் ஒரு நன்மை இருந்தது: பாதி ஈயம் என்னிடமே இருந்தது. அதே ஆழத்தில் பெல்ட் கழன்றிருந்தால் மொத்தமும் போயிருக்கும். பெல்ட் அடிக்கடி தளரும், ஆனால் முழுசாகக் கழன்று விழுவது அரிது. பாக்கெட் திடீரென்று விழும், ஆனால் பாதிதான் விழும். யாராவது எது ஆபத்து என்று கேட்டால் நான் இந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டு முடிவை அவர்களிடமே விட்டுவிடுவேன்.

பாக்கெட்காரர்கள் தண்ணீரில் இறங்கும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கைப்பிடியை இழுக்காமல், பாக்கெட்டின் அடிப்பகுதியைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். வந்தால் அது பூட்டவில்லை. கிளிக் பூட்டு உள்ள ரகத்தில் சத்தம் காதில் விழ வேண்டும். இரைச்சலான படகில் விரலால் தடவிப் பூட்டு உள்ளே போயிருக்கிறதா என்று உணர வேண்டும். வெல்க்ரோ மட்டுமே உள்ளதை வாங்காதீர்கள். வீட்டுக்குப் போனதும் நன்னீரில் அலசி, பூட்டுக்குள் மணல் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொலைந்தால் அதே மாடலுக்கான பாக்கெட்தான் பொருந்தும் என்பதையும் வாங்கும்போதே நினைவில் வையுங்கள்.

"மேலே வந்து தத்தளிக்கும்போது ஈயத்தைக் கழற்ற முடியவில்லை"

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். டைவ் விபத்து அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வரும் செய்தி, இறந்தவரின் உடலில் ஈயம் அப்படியே இருந்தது என்பது. மேற்பரப்பில் சிக்கல் வந்து, பிசிடி ஊதவில்லை அல்லது ஊதியும் போதவில்லை என்றால், முதல் வேலை ஈயத்தைக் கீழே போடுவது. நாளைக்குக் கடைக்காரர் கேட்கும் காசைப் பற்றி அப்போது யோசிக்கக் கூடாது.

பெல்ட் கழலாததற்குக் காரணங்கள் பெரும்பாலும் படகிலேயே உருவாகிவிடும். பிசிடியின் வயிற்றுப் பட்டைக்குள் பெல்ட் பக்கிள் ஒளிந்துகொள்ளும். கவட்டுப் பட்டை உள்ள பிசிடியில் பட்டை பெல்ட்டுக்கு மேலே போயிருந்தால், பக்கிளைத் திறந்தாலும் பெல்ட் கவட்டிலேயே சிக்கி நிற்கும். இரண்டு பக்கிளும் ஒரே இடத்தில் இருந்தால் கை தவறானதைத் திறக்கும். அதனால் பெல்ட்டைக் கொஞ்சம் தாழ்வாகக் கட்டுங்கள், பக்கிளைச் சற்று ஓரமாக வையுங்கள், வலது கையால் திறக்கும்படியே எப்போதும் கட்டுங்கள். உங்களைக் காப்பாற்ற வருபவரும் வலது கையைத்தான் அங்கே நீட்டுவார். கழற்றியதும் உடம்பிலிருந்து ஒரு கை தூரம் தள்ளிப் பிடித்து விடுங்கள். இல்லையென்றால் ஃபினிலோ கத்தியிலோ மாட்டும்.

பாக்கெட்டில் காரணம் வேறு: கைப்பிடி எங்கே என்று தெரியாது. ஒவ்வொரு மாடலும் ஒவ்வொரு பக்கம் இழுக்கச் சொல்லும். ஒன்று முன்னால், ஒன்று மேல்நோக்கி, ஒன்று திருகி. காற்றடித்த ஜாக்கெட் விலாவை இறுக்கும்போது கைப்பிடி மடிப்பில் மறைந்துவிடும். கூட வந்தவரின் பிசிடி உங்களுடையதிலிருந்து மாறுபட்டது என்றால், படகிலேயே ஒருமுறை அவர் கையை உங்கள் கைப்பிடியில் வைத்துக் காட்டுங்கள். டிரிம் பாக்கெட்டில் மொத்த எடையையும் திணித்துவிட்டு "வசதியா இருக்கு" என்பவர்களும் உண்டு. அவர்களிடம் கழற்றுவதற்கு எதுவுமே இல்லை. குறைந்தது பாதியாவது கழற்றக்கூடிய இடத்தில் இருக்கட்டும்.

பயிற்சி வகுப்பில் ஈயத்தைக் கழற்றி மாட்டும் பாடம் இருந்தது நினைவிருக்கும். அதற்குப் பிறகு எத்தனை முறை செய்தீர்கள்? ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஆழமில்லாத இடத்தில், கண்ணை மூடிக்கொண்டு செய்து பாருங்கள்.

"வலை மாட்டிக்கொண்டது, பிசிடியைக் கழற்ற வேண்டும்"

மீன்பிடிக் கடலில் டைவ் அடிப்பவருக்கு அறுந்து கிடக்கும் வலை புதிதல்ல. டேங்க் வால்வில் வலை மாட்டினால், கூட வந்தவர் எடுத்துவிடுவதுதான் முதல் வழி. அவர் எட்டவில்லை என்றால் பிசிடியைக் கழற்றி முன்னால் கொண்டுவந்து விடுவிக்க வேண்டும். அப்போதுதான் பாக்கெட்டின் இன்னொரு முகம் தெரியும். ஈயம் முழுவதும் பிசிடியில் இருக்கிறது; கழற்றியதும் பிசிடி கீழே போகும், வெட்சூட்டோடு நீங்கள் மேலே போவீர்கள். வாயில் இருக்கும் ரெகுலேட்டர்தான் இருவரையும் கட்டி வைத்திருக்கும் கயிறு. ஒரு கையை எப்போதும் தோள்பட்டையில் கோத்துக்கொண்டே கழற்றுங்கள். பிசிடியை நெஞ்சோடு அணைத்தபடி வேலையை முடியுங்கள். பெல்ட் கட்டியவர் இடுப்பில் ஈயத்தோடு அங்கேயே நிற்பார், வேலை சுலபம். வலை அதிகமுள்ள இடத்தில் அடிக்கடி இறங்குபவர்களுக்கு நான் பெல்ட்டைச் சொல்வதற்கு இதுவே காரணம்.

"ஏணியில் ஏறுவதற்குள் உயிர் போகிறது"

சின்ன ஃபைபர் படகாக இருந்தால் வரிசையை மாற்றுங்கள். பெல்ட் முதலில், அப்புறம் பிசிடி, கடைசியில் நீங்கள். பெல்ட்டை நீட்டும்போது பக்கிள் இல்லாத முனையை மேலே பிடித்துக் கொடுங்கள். மறுமுனையைப் பிடித்தால் கட்டிகள் உருண்டு கடலுக்குள் போகும், இல்லையென்றால் படகுக்கார அண்ணன் கால்விரலில் விழும். பாக்கெட் என்றால் இரண்டையும் முதலில் உருவிக் கொடுத்துவிட்டுப் பிசிடியை அனுப்புங்கள். உருவாமல் அப்படியே தூக்கச் சொன்னால் அவர் முகத்தைப் பாருங்கள், தெரியும்.

"ஊர் மாறினால் எல்லாம் மாறுகிறது"

ஈயத்தை யாரும் விமானத்தில் தூக்கிக்கொண்டு போவதில்லை. போன இடத்தில்தான் வாங்கிக்கட்ட வேண்டும். அந்தமானிலோ திருகோணமலையிலோ கையில் தருவது பெல்ட்டுக்கென்று வார்த்த கட்டியாக இருக்கலாம். அது உங்கள் பாக்கெட்டின் வாய்க்குள் நுழையாமல் போகலாம். பாக்கெட்காரர்களும் பையில் ஒரு காலி நைலான் பட்டையும் பக்கிளும் போட்டுக்கொண்டு போங்கள், கனமே இல்லை. அமெரிக்க முறையில் பழகிய இடங்களில் எண் பவுண்டில் வரும். "பன்னிரண்டு" என்று சொல்லிக் கிலோவாக வாங்கிக் கட்டினால் இரண்டு மடங்குக்கு மேல் கட்டியிருப்பீர்கள்; 12 பவுண்டு என்பது சுமார் 5.4 கிலோதான். பூச்சில்லாத ஈயத்தைத் தொட்டால், படகில் வடைக்குக் கை நீட்டும் முன் கையைக் கழுவுங்கள்.

நான் என்ன கட்டுகிறேன் என்று கேட்பவர்களுக்கு டைவ் நோட்டில் உள்ள வரியையே காட்டிவிடுவேன். நீங்களும் சோதனை முடிந்த அன்றே இப்படி ஒரு வரி எழுதிவைத்தால், அடுத்த படகில் "எத்தனை கிலோ?" என்று கேட்கும்போது யோசிக்க வேண்டியிருக்காது:

3 மி.மீ. முழு சூட். அலுமினியம் 11 லி. கடல். மொத்தம் 5 கிலோ: பெல்ட் 3, டிரிம் 2. 50 பாரில் கண் மட்டம். கால் தாழவில்லை.